தென்னித்தாலியின் சிவப்பு ஒயின்கள்: குறைந்த விலையில் நல்ல புட்டிகளைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னித்தாலியச் சிவப்பு ஒயின்கள் ஏன் விலை குறைவாக இருக்கின்றன? தரம் குறைவு என்பதுதான் காரணமா?

தரம் காரணமன்று, வரலாறுதான் காரணம். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தபோது, அந்நாட்டு வணிகர்கள் அடர்ந்த நிறமும் மிகுந்த ஆல்கஹாலும் கொண்ட ஒயினைத் தேடி இத்தாலியின் தென்கிழக்குப் பகுதியான புல்யாவுக்கு வந்தார்கள். அங்கே தோட்டங்கள் வேகமாகப் பெருகின. 1880களின் இறுதியில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மூண்ட சுங்கவரிச் சண்டையில் அந்தச் சந்தை சரிந்தது. அதன் பிறகு அந்த ஒயினின் பெரும்பகுதி வட இத்தாலிக்கு மொத்தமாகச் சென்று, அங்கிருந்த வெளிறிய ஒயின்களுக்கு நிறமும் வலுவும் கொடுத்து, வேறு பெயர்களில் விற்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இவ்வாறே கழிந்தது. வட, நடு இத்தாலியின் பரோலோ, கியாந்தி ஆகிய இடப்பெயர்கள் மதிப்பைச் சேர்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தெற்கின் சாலிச்சே சாலெந்தீனோ, வுல்தூரே, சிரோ ஆகிய பெயர்கள் புட்டியின் மீது ஏறவே வாய்ப்பில்லாமல் இருந்தன.

அறியப்படாத பெயருக்குச் சந்தையில் விலை கிடைப்பதில்லை. அதனால்தான் முதிர்ந்த கொடிகளும் உயர்ந்த நிலங்களும் அந்த மண்ணுக்கே உரிய திராட்சை வகைகளும் இருந்தும், ஐரோப்பியக் கடைகளில் 10 முதல் 15 யூரோவுக்குள் இவற்றை வாங்க முடிகிறது. இந்த நிலைமை உழவருக்கு நியாயமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் கவனித்து வாங்குபவர்கள் பெருகினால்தான் அந்தப் பெயர்களுக்கு உரிய மதிப்பும் வரும்.

இதற்கு முன் குடித்துப் பார்த்திராதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

சாலிச்சே சாலெந்தீனோவிலிருந்து தொடங்கலாம். இத்தாலியின் குதிகாலில் உள்ள சாலெந்தோ தீபகற்பத்தில், லெச்சே, பிரிந்திசி நகரங்களைச் சுற்றிய சமவெளியில் விளையும் நெக்ரோஅமாரோ திராட்சையே இதன் அடிப்படை. மரபாக அதனுடன் சிறிது மல்வாசியா நேரா சேர்க்கப்படுகிறது. முன்னது கறுத்த பிளம் பழத்தின் சுவையையும், உலர்ந்த மூலிகையின் மணத்தையும், முடிவில் நாவில் தங்கும் ஒரு மெல்லிய கசப்பையும் தருகிறது. பின்னது அதன் முரட்டுத்தனத்தைத் தணித்து மலர்மணம் கூட்டுகிறது. வெயில் மிகுந்த நிலத்தின் விளைச்சல் என்றாலும், இரு புறமும் உள்ள கடல்களிலிருந்து வீசும் காற்றால் இதில் புளிப்பு அழிந்துவிடுவதில்லை.

விளையும் இடத்தையும் தயாரிப்பு விதிகளையும் சட்டப்படி வரையறுக்கும் டிஓசி தகுதி இதற்கு 1976ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பத்து யூரோ அளவில் மட்டுமே செலவிடக்கூடியவருக்கு, ஐரோப்பாவில் இதைவிட முழுமையான சிவப்பு ஒயின் அரிது என்பது என் உறுதியான கருத்து. இதே நெக்ரோஅமாரோவைக் கொண்ட கோபெர்த்தீனோ என்னும் அண்டை ஊரின் ஒயினும் கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம்.

பிரிமித்தீவோதானே மிகவும் பெயர்பெற்றது? அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

பெயர்பெற்றுவிட்டதாலேயே அதில் தேர்வு கடினமாகியிருக்கிறது. பிரிமித்தீவோ சீக்கிரம் பழுக்கும் திராட்சை. சாலெந்தோவில் ஆகஸ்டு மாத இறுதியிலேயே அறுவடை தொடங்கிவிடும். சர்க்கரை விரைவாக ஏறுவதால் 14 முதல் 15.5 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்ட, பழச்சாறு நிறைந்த, மென்மையான ஒயின் கிடைக்கிறது. கடைகளில் இது நன்றாக விற்பதைக் கண்ட பெரிய வணிக நிறுவனங்கள், சாதாரணத் திராட்சையில் எடுத்த ஒயினில் சர்க்கரையை மிச்சம் வைத்து, கனத்த கண்ணாடிப் புட்டியில் பொன்னெழுத்து முகப்போடு அடைத்து அனுப்புகின்றன. முதல் மிடறு இனிக்கிறது. இரண்டாவது கோப்பையில் திகட்டிவிடுகிறது.

நல்ல பிரிமித்தீவோ வேண்டுமானால் இரண்டு இடங்களைத் தேடலாம். ஒன்று மந்தூரியா, கடலோரச் செம்மண்ணில், தாங்குகம்பி இல்லாமல் குத்துச்செடியாக வளர்க்கப்படும் அல்பெரெல்லோ கொடிகள் இன்னும் எஞ்சியுள்ள பகுதி. இத்தகைய முதிய கொடிகள் பலவற்றை, ஐரோப்பாவின் ஒயின் மிகையுற்பத்தியைக் குறைப்பதற்காக மானியம் கொடுத்துப் பிடுங்கச் செய்த காலமும் இருந்தது என்பது வருந்தத்தக்கது. மற்றொன்று ஜோயா தெல் கோல்லே. பாரி நகருக்குத் தெற்கே சுண்ணாம்புப் பாறை மேட்டில் அமைந்த ஊர். மந்தூரியாவைவிட உயரமானது, இரவுகள் குளிர்ந்தவை. அதனால் ஒயினில் புளிப்பும் நேர்த்தியும் கூடுதலாக இருக்கும். நான் பெரும்பாலும் வாங்குவது ஜோயாவின் ஒயினைத்தான்.

கலிஃபோர்னியாவின் ஸின்ஃபண்டெல் திராட்சையும் பிரிமித்தீவோவும் ஒன்றா?

ஆம், மரபணு அடிப்படையில் ஒரே வகை. அதன் மூலம் குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை என்பதை 2001ஆம் ஆண்டில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரிடித்தும் குரோஷிய ஆய்வாளர்களும் சேர்ந்து நிறுவினார்கள்.

ஒயின் எவ்வளவு சர்க்கரை கொண்டது என்று வாங்கும் முன்பே அறிய முடியுமா?

இப்போது பெரும்பாலும் முடியும். 2023 டிசம்பர் 8ஆம் தேதிக்குப் பின் தயாரான ஒயின்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும்போது சத்து விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பின்புறச் சீட்டில் ஒரு கியூஆர் குறியீடாக அதை அச்சிடுகிறார்கள். கைபேசியில் அதைத் திறந்தால் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரி இருக்கும். அது 0.5 கிராமுக்குக் கீழே இருந்தால் நாவுக்கு இனிப்பு தெரியாது. ஒரு கிராமோ அதற்கு மேலோ இருந்தால், லிட்டருக்குப் பத்து கிராமைத் தொட்ட, இனிப்பை நோக்கிச் சாய்ந்த ஒயின் என்று பொருள். முகப்பில் அப்பஸ்ஸிமெந்தோ என்று இருந்தால், திராட்சையை ஓரளவு உலரவைத்துப் பிழிந்தது என்று கொள்ளலாம். விலை குறைந்த புட்டிகளில் அந்தச் சொல் பெரும்பாலும் இனிப்பின் அறிகுறியாகவே இருக்கிறது.

அல்யானிகோவை ஏன் பலரும் உயர்த்திப் பேசுகிறார்கள்?

ஏனெனில் அது உண்மையிலேயே உயர்ந்தது. தெற்கின் திராட்சைகளில் எனக்கு மிக நெருக்கமானதும் அதுவே. மலைப்பகுதிகளில் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும்கூட அறுவடை நடக்கும் அளவுக்கு அது தாமதமாகப் பழுக்கிறது. அவ்வளவு நீண்ட பருவத்தில் மணம் அடர்ந்து சேர்கிறது. ஆனால் புளிப்பும் துவர்ப்பும் குறைவதில்லை. புட்டியைத் திறந்தவுடன் ஊற்றிய முதல் கோப்பையில் புளித்த செர்ரி, கருமிளகு, அணைந்த தணலின் புகை ஆகியவை மட்டுமே தெரியும். ஈறுகள் வறண்டுபோகும் அளவுக்குத் துவர்க்கும். அதிலேயே பலர் ஏமாற்றமடைந்து புட்டியை மூடிவிடுகிறார்கள். அதே புட்டியில் பாதியை மறுநாள் மாலைக்கு வைத்திருந்து பார்க்க வேண்டும்: துவர்ப்பு இழைந்து மென்மையாகி, பின்னால் மறைந்திருந்த பிளம் பழமும் ஊதாப்பூவும் ஈரமண்ணும் முன்னால் வந்து நிற்கும்.

கம்பானியாவின் தவுராசி, பஸிலிகாத்தாவின் வுல்தூரே இரண்டும் அல்யானிகோதானே? எதற்குப் பணம் கொடுக்கலாம்?

தவுராசி, நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லீனோ மாவட்டத்து மலைகளில் விளைவது; 1993 முதல் டிஓசிக்கும் மேலான டிஓசிஜி தகுதி பெற்றது. குறைந்தது மூன்று ஆண்டுகள், அதில் ஓராண்டேனும் மரப் பீப்பாயில், முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். போருக்குப் பிந்தைய காலத்தில், வெளியூர்த் திராட்சைகளை நட்டால்தான் பிழைக்கலாம் என்ற குரல்களுக்கு நடுவே, உள்ளூர் வகைகளைக் கைவிடாமல் காத்த மஸ்த்ரோபெரார்தீனோ குடும்பத்தின் 1968ஆம் ஆண்டுத் தவுராசி இன்றளவும் ஒயின் அறிந்தோரால் பேசப்படுகிறது. அதன் விலையும் அந்தப் புகழுக்கேற்ப 25 யூரோவைத் தாண்டிவிடுவதுண்டு.

வுல்தூரே 1326 மீட்டர் உயரமுள்ள, அணைந்துபோன எரிமலை. அதன் சரிவுகளில் பாரிலே, ரியோனேரோ ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்கள் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையின் மீது நிற்கின்றன. அந்தப் பாறை குளிர்கால ஈரத்தைக் கோடை வரை வைத்திருந்து கொடிகளுக்குக் கொடுக்கிறது. இங்குள்ள ஒயினில் புகைமணமும் தாது வாடையும் தூக்கலாகத் தெரியும். அல்யானிகோ தெல் வுல்தூரே என்ற டிஓசி 1971இலும், சுப்பீரியோரே என்ற உயர்தகுதி 2010இலும் வந்தன. விலை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் விடை தெளிவு: சாதாரண டிஓசி வுல்தூரே 12 முதல் 16 யூரோவுக்குக் கொடுக்கும் ஆழத்தைத் தவுராசியில் பெற அதைப்போல் இருமடங்கு செலவிட வேண்டியிருக்கும். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் பிறந்த வெனோசாவில் 1957 முதல் இயங்கும் கூட்டுறவு ஒயின்சாலையின் புட்டிகள் பல நாடுகளில் கிடைக்கின்றன. முதல் அறிமுகத்துக்கு அவை நம்பகமானவை. பத்தெர்னோஸ்தெர், தாஞ்செலோ ஆகிய பழைய ஒயின்சாலைகளின் தொடக்கநிலை ஒயின்களும் அவ்வாறே.

தவுராசியையே விரும்புபவருக்கும் ஒரு வழி உண்டு. அங்குள்ள அதே தயாரிப்பாளர்கள் இளங்கொடிகளின் திராட்சையிலிருந்தோ, குறைந்த காலம் முதிர்த்தோ, கம்பானியா அல்யானிகோ அல்லது இர்ப்பீனியா அல்யானிகோ என்ற பெயரில் விற்கும் ஒயினைக் கேட்டு வாங்கலாம்.

கூட்டுறவுச் சங்கத்து ஒயின் என்றால் மட்டம் என்கிறார்களே?

ஒரு காலத்தில் தொட்டி லாரிகளில் மொத்தமாக ஒயினை அனுப்பியவை பெரும்பாலும் கூட்டுறவுகளே என்பதால் வந்த பேச்சு அது. தெற்கில் ஓர் உழவரின் நிலம் மிகச் சிறியது. புட்டியடைக்கும் எந்திரமோ பீப்பாய்க் கிடங்கோ தனியொருவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மிகப் பழைய கொடிகள் பலவும் கூட்டுறவு உறுப்பினர்களிடமே இருக்கின்றன. 1932இல் தொடங்கிய மந்தூரியா கூட்டுறவும், செல்லீனோ சான் மார்கோவில் உள்ள துவே பால்மேவும் தங்கள் உயர்நிலைப் புட்டிகளில் தனியார் எவருக்கும் குறைந்தவை அல்ல.

நேரோ தி த்ரோயா, சுசுமானியெல்லோ போன்ற பெயர்களும் புல்யாவிலிருந்து வருகின்றனவே?

நேரோ தி த்ரோயா புல்யாவின் வடபகுதியைச் சேர்ந்தது. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய எண்கோணக் கோட்டையான காஸ்தெல் தெல் மோந்தேவைச் சுற்றிய மேட்டுநிலத்தில் விளைகிறது. இத்தாலியின் ஒரு சென்ட் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கோட்டைதான். பிரிமித்தீவோவின் கொழுமை பிடிக்காதவருக்கு இது பொருந்தும்: நிறம் அடர்ந்தது, உடல் இறுக்கமானது, ஊதாப்பூ மணமும் நேரான துவர்ப்பும் உடையது. இனிப்பு தேடுவோர் இதை விரும்பாததால் விலை இன்னும் உயரவில்லை. ரிவேரா நிறுவனத்தின் இல் ஃபல்கோனே, மோந்தெபுல்சானோ திராட்சையுடன் இதைக் கலந்து எடுக்கப்படும் பழம்பெரும் ஒயின்.

சுசுமானியெல்லோ பிரிந்திசிப் பகுதியில் ஏறக்குறைய மறைந்துபோய் மீட்கப்பட்டது. முதிர்ந்த கொடிகளில் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிடுவதால் உழவர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள். புளிப்பு துடிப்பாக இருக்கும், குடித்துப் பார்க்கலாம்.

இத்தாலியின் கால்நுனியில் உள்ள கலாப்ரியாவைப் பற்றி எவரும் பேசுவதில்லையே. அங்கே வாங்கத்தக்கது உண்டா?

சிரோ இருக்கிறது, இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஒயினைப் பரிந்துரைக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். அயோனியக் கடலோரத்தில் கல்யோப்போ என்னும் திராட்சையிலிருந்து எடுக்கப்படுகிறது. கோப்பையில் ஊற்றினால் அடர்சிவப்பு தெரியாது. விளிம்பில் செங்கல் நிறம் படர்ந்த, விரல்களின் நிழல் மறுபுறம் தெரியும் அளவுக்கு வெளிறிய சிவப்பே தெரியும். அந்த நிறத்தைக் கண்டு இளைத்த ஒயின் என்று எண்ணிக் குடித்தால் துவர்ப்பு நாவைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த ஆரஞ்சுத்தோல், செம்பழம், காட்டு மூலிகை, சிறிது உப்புக்காற்று ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மரபணு ஆய்வுகள் சொல்வது வாங்குபவருக்கும் பயன்படக்கூடியது: கல்யோப்போவும் சிசிலியின் எத்னா எரிமலையில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசேயும், தஸ்கனியின் சஞ்சொவேசேக்கும் கலாப்ரியாவின் மந்தோனிகோ என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த உடன்பிறப்புகள். எத்னாவின் ஒயினுக்கு உலகமெங்கும் தேவை பெருகி விலை ஏறிவிட்டது. அதன் உடன்பிறப்போ கவனிப்பாரின்றிக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சிரோவின் டிஓசி விதிகள் ஐந்தில் ஒரு பங்கு வரை பிற சிவப்புத் திராட்சைகளைச் சேர்க்க இடமளிக்கின்றன. ஆகவே முழுக்கவும் கல்யோப்போ என்று குறிப்பிடும் புட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. லிப்ராந்தி குடும்பத்தின் தூக்கா சன்ஃபெலிச்சே எளிதில் கிடைப்பது. அ வீத்தா என்னும் சிறு தோட்டத்தின் ஒயின் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

சிசிலியில் எதை வாங்குவது?

நேரோ தாவோலா தீவு முழுவதும் விளைவதால் தரம் மிகவும் வேறுபடுகிறது. மிக மலிவானவை சமைத்த பழத்தின் வாடையோடு தட்டையாக இருக்கும். அதைவிடச் செரஸுவோலோ தி வித்தோரியாவைத் தேடுங்கள். தீவின் தென்கிழக்கில் நேரோ தாவோலாவையும் ஃப்ரப்பாத்தோவையும் கலந்து எடுக்கப்படும் இதற்கு 2005இல் டிஓசிஜி தகுதி கிடைத்தது. சிசிலியில் அத்தகுதி பெற்ற ஒயின் இது ஒன்றே. முதலாவது உடலைக் கொடுக்க, இரண்டாவது ஸ்ட்ராபெர்ரியின் மணத்தையும் இலகுத்தன்மையையும் கொடுக்கிறது. தனி ஃப்ரப்பாத்தோவும் கோடைக்கு மிக ஏற்றது. எத்னாவை நான் விலைக்குறைவுக்காகப் பரிந்துரைக்கமாட்டேன், ஆனால் 20 யூரோ அளவில் கிடைக்கும் எத்னா ரோஸ்ஸோ அதே விலையுள்ள பிரான்சின் பர்கண்டி ஒயினைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

புட்டியின் சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இடத்தின் பெயரை. புல்யா, தெற்கு என்று பரந்த பெயர் மட்டும் இருந்தால் திராட்சை எங்கிருந்தும் வந்திருக்கலாம். சாலிச்சே சாலெந்தீனோ, சிரோ, வுல்தூரே என்று குறுகிய பெயர் இருந்தால் அது விதிகளுக்கு உட்பட்டது. டிஓசியைவிட விதிகள் தளர்ந்த ஐஜிடி வகை என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டாம். நல்ல உழவர்கள் சிலர் விதிகளின் இறுக்கம் பிடிக்காமல் அதைத் தேர்கிறார்கள்.

அடுத்துப் பின்புறச் சீட்டில் சிறு எழுத்தில் உள்ள வரியைப் படிக்க வேண்டும். இம்பொத்திலியாத்தோ அல்லோரிஜினே என்று இருந்தால், திராட்சையை விளைவித்தவரே, அல்லது அவர் உறுப்பினராக உள்ள கூட்டுறவே, புட்டியில் அடைத்திருக்கிறது. இம்பொத்திலியாத்தோ தா என்று மட்டும் தொடங்கி, அடைப்புக்குறிக்குள் தெற்கிற்குத் தொடர்பில்லாத மாவட்டத்தின் எழுத்துகள் இருந்தால், மொத்தமாக வாங்கி வடக்கில் அடைக்கப்பட்டது என்று அறியலாம். லெச்சே, தாரந்தோ, பொதென்ஸா, அவெல்லீனோ, குரொத்தோனே ஆகியவற்றின் குறியெழுத்துகள் நமக்கு வேண்டியவை. புட்டியின் கனமும் அடியில் உள்ள குழியின் ஆழமும் எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

ரிசெர்வா, அதாவது கூடுதல் காலம் முதிர்த்தது, என்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சாலிச்சே சாலெந்தீனோவில் கொடுக்கலாம். வித்தியாசம் சில யூரோக்களே, முதிர்ச்சி நன்றாகத் தெரியும். பிரிமித்தீவோவில் தேவையில்லை. அல்யானிகோவில் ரிசெர்வாவை வாங்கினால் சில ஆண்டுகள் எடுத்துவைக்கும் பொறுமையும் வேண்டும்.

காரமான உணவோடு இவை பொருந்துமா?

துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். அதனால் நம் காரக்குழம்போடு அல்யானிகோவையோ மந்தூரியா பிரிமித்தீவோவையோ வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். குளிரவைத்த ஃப்ரப்பாத்தோவோ நெக்ரோஅமாரோவில் எடுத்த ரோஸாத்தோ என்னும் இளஞ்சிவப்பு ஒயினோ காரத்தைத் தாங்கும். இந்த ரோஸாத்தோவுக்குச் சாலெந்தோவில் நீண்ட மரபு உண்டு. லெயோனே தெ காஸ்திரிஸ் நிறுவனம் 1943இலேயே ஃபைவ் ரோஸஸ் என்ற பெயரில் அதைப் புட்டியில் அடைத்தது. கலாப்ரியர்களோ மிளகாய் சேர்த்த ந்தூயா என்னும் பன்றியிறைச்சிப் பூச்சோடு சிரோவைக் குடிக்கிறார்கள். இறைச்சியின் கொழுப்பு துவர்ப்பை அடக்கிவிடுகிறது. அல்யானிகோவுக்கு நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியும், முதிர்ந்த கச்சோகவால்லோ பாலாடைக்கட்டியும் சிறந்த துணை.

இந்தப் பகுதியின் ஒயின் பண்டைத் தமிழகத்துக்கு வந்தது என்பது உண்மையா?

உண்மையே. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஒயின் சாடிகளின் உடைசல்களில், நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதிக்கே உரிய கரிய எரிமலை மணல் கலந்த களிமண்ணால் செய்யப்பட்டவையும் அடங்கும். அவற்றில் வந்தது எந்தத் திராட்சையின் ஒயின் என்பதை இன்றைய வகைப் பெயர்களோடு இணைத்துச் சொல்வது பொருந்தாது.

எந்தக் குளிர்நிலையில் பரிமாற வேண்டும்? திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?

வெப்ப நாடுகளில் அறைவெப்பம் என்பது இந்த ஒயின்களுக்கு மிகை. 28 பாகையில் பிரிமித்தீவோவிலிருந்து ஆல்கஹால் நெடி மட்டுமே எழும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து 16 முதல் 18 பாகையில் ஊற்ற வேண்டும். ஃப்ரப்பாத்தோவையும் சுசுமானியெல்லோவையும் 14 பாகை வரை இறக்கலாம். அல்யானிகோவையும் சிரோவையும் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிட வேண்டும்.

திறந்த பிறகு கார்க்கை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஃப்ரப்பாத்தோ இரண்டு நாளும், நெக்ரோஅமாரோ மூன்று நாளும், இளம் அல்யானிகோ அதற்கு மேலும் தாங்கும். திறக்காத புட்டிகளை இருளில், படுக்கவைத்து, வெப்பம் மாறாத இடத்தில் வைக்கலாம். 15 யூரோவுக்கு உட்பட்ட சாலிச்சே சாலெந்தீனோவை அறுவடையிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளும், நல்ல வுல்தூரேவைப் பத்து ஆண்டுகளுக்குள்ளும் குடித்துவிடலாம்.